கறுப்பின வங்கியில் கணக்கு: நூறு டாலர் போட்டுவிட்டு மறப்பதென்றால் வேண்டாம்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம். ஆப் சுமார். வட்டி சுமாருக்கும் கீழே. ஏடிஎம்மைத் தேடி அலையவேண்டும். அப்படியிருந்தும் அவசரத்துக்கென்று ஒதுக்கிவைத்த பணத்தில் பாதியை அங்கேதான் வைத்திருக்கிறேன், எடுக்கும் எண்ணமும் இல்லை. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம்.

அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் கறுப்பின மக்கள் உரிமையாளர்களாக இருந்து நடத்தும் சிறிய வங்கி அது. பெயரைப் போடவில்லை. நான் போகிற கிளையில் வேலை செய்வதே நாலைந்து பேர், நான் சொல்லும் குறை யாரைப் பற்றியது என்று அங்கே கணக்கு வைத்திருப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும், எதற்கு வம்பு? தவிர, இங்கே எழுதியிருப்பதில் பெரும்பகுதி இந்த மாதிரிச் சின்ன வங்கிகள் பலவற்றுக்கும் பொருந்தும்.

உணவகம், புத்தகக் கடை, சோப்பு, துணிமணி என்று எத்தனையோ இருக்க, எதற்குப் போயும் போயும் ஒரு வங்கியைப் பற்றி விமர்சனம் என்று கேட்கலாம். கறுப்பினத்தவர் நடத்தும் கடைகளில் வாங்குங்கள் என்ற அழைப்பு கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரியில் ஒவ்வொரு ஆண்டும் வரும், அடிமைமுறை ஒழிந்ததைக் கொண்டாடும் ஜூன்டீன்த் நாள் வரும்போது மறுபடி வரும். அலுவலகத்தில் எல்லோரும் ஒருநாள் கூட்டமாகப் போய் வறுத்த கோழியும் சோள ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, படம் எடுத்துப் போட்டுவிட்டு, அடுத்த பிப்ரவரி வரை அந்தத் தெருப்பக்கமே போகமாட்டோம். அந்த ஒரு வேளை வியாபாரம் கடைக்காரருக்கு லாபம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே கடைக்காரர் இரண்டாவது அடுப்பு வாங்கவேண்டும், பக்கத்துக் கடையையும் வாடகைக்கு எடுத்து இடத்தைப் பெரிதாக்கவேண்டும் என்றால் கடனுக்கு யாரிடம் போவார்? பெரிய வங்கிக்கு இருபதாயிரம் டாலர் கடனுக்கும் இருபது லட்சம் டாலர் கடனுக்கும் காகித வேலை ஏறக்குறைய ஒன்றுதான், ஆகவே சின்னக் கடனில் அதற்கு ஆர்வம் குறைவு. அந்த இடத்தில்தான் இந்த வங்கிகள் வருகின்றன. வாங்குவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பணத்தை எங்கே வைத்திருக்கிறோம் என்பதைப் பற்றி அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள் பேசி நான் கேட்டதில்லை. நம்மில் பலருக்குச் சம்பளம் ஏதோ ஒரு மாபெரும் வங்கியில் விழுகிறது, அது அங்கேயே தூங்குகிறது.

கணக்குத் தொடங்குவது இணையத்திலும் முடியும் என்று போட்டிருந்தார்கள். நான் நேரில் போனேன். ஓட்டுநர் உரிமம், சோஷியல் செக்யூரிட்டி எண், வீட்டு முகவரிக்கு ஒரு மின்கட்டண ரசீது, முதல் டெபாசிட், அவ்வளவுதான். உள்ளே நுழைந்ததும் எனக்குப் பிடித்தது, யாரும் என்னை ஆச்சரியமாகப் பார்க்கவில்லை. இந்தியன் இங்கே எதற்கு வந்தான் என்ற பார்வையை நான் எதிர்பார்த்துக்கொண்டு போயிருந்தேன், அந்த அம்மையார் "இதற்குமுன் எங்கே கணக்கு?" என்று கேட்டுவிட்டுப் படிவத்தை நீட்டினார், விஷயம் முடிந்தது. கறுப்பின வங்கி என்றால் கறுப்பினத்தவருக்கு மட்டும் என்று இன்னும் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் கணக்கு வைக்கலாம், கடனுக்கும் விண்ணப்பிக்கலாம்.

நான் காத்திருந்தபோது பக்கத்து மேசையில் நடந்ததைச் சொல்லவேண்டும். சலூன் நடத்துகிற ஒருவர், ஜிப் வைத்த ரெக்சின் பையில் ஒன்றும் ஐந்துமாக நோட்டுகளைக் கொண்டுவந்து டெபாசிட் கட்டிவிட்டு, கடன் அதிகாரிக்கு எதிரில் உட்கார்ந்தார். ஏற்கெனவே வேறோர் இடத்தில் கடன் மறுக்கப்பட்டு வந்தவர் போல. அதிகாரி அவருடைய வரித்தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒரு வரியில் பேனாவை வைத்து, "இங்கே நாற்காலி வாடகை வருமானத்தைத் தனியாகக் காட்டவில்லையே, காட்டினால் கணக்கு வேறு மாதிரி வரும்" என்றார். அமெரிக்க சலூன்களில் மற்ற முடிதிருத்துபவர்கள் ஒவ்வொரு நாற்காலிக்கும் வாரவாடகை கொடுத்து வேலை செய்வது வழக்கம், அந்த வருமானம் அவருடைய தாள்களில் வேறு எதனோடோ கலந்து கிடந்திருக்கிறது. எந்த ஆப்பும் இதைக் கண்டுபிடிக்காது, கண்டுபிடிக்க அந்தத் தொழில் தெரிந்திருக்கவேண்டும். கடன் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. திருத்திக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். ஆனால் கடன் இல்லை என்று சொல்வதற்கும், எதைத் திருத்தினால் கடன் வரலாம் என்று உட்கார்ந்து சொல்வதற்கும் உள்ள தூரத்தை அன்றைக்குப் பார்த்தேன்.

சரி, குறைகளுக்கு வருவோம். ஆப்பைத் திறந்தால் பழைய காலத்து இணையதளத்தைச் சுருக்கி போனுக்குள் திணித்த மாதிரி இருக்கிறது. வங்கியிலிருந்து வங்கிக்கு உடனே பணம் அனுப்பும் ஜெல் (Zelle) வசதி கிடையாது, நண்பர்களுக்குப் பணம் அனுப்ப வேறு வழி பார்க்கவேண்டும். படம் எடுத்துப் போட்ட முதல் செக்கைப் பல நாள் நிறுத்திவைத்தார்கள். புதுக்கணக்கு என்றால் நிறுத்திவைக்க விதிகளில் இடமிருக்கிறது, அது சரி, ஆனால் இத்தனை நாள் ஆகும் என்று முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டெபிட் கார்டு தபாலில் ஆடி அசைந்து வந்தது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால் மனிதர்தான் எடுக்கிறார், அது பெரிய விஷயம், ஆனால் மாலை ஐந்து மணிக்குமேல் எடுக்க யாரும் இல்லை. சம்பளம், வீட்டுக்கடன், கிரெடிட் கார்டு தவணை எல்லாம் ஓடுகிற முதன்மைக் கணக்காக இதை வைத்துக்கொள்ளச் சொன்னால் எனக்குத் தயக்கம்தான்.

இந்தக் குறைகளைச் சொன்னதும் "பாவம், சின்ன வங்கி, இதையெல்லாம் எழுதலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். எழுதத்தான் வேண்டும். இரக்கப்பட்டு ஐந்து நட்சத்திரம் போடுவது அவர்களைக் கடைக்காரர்களாக மதிக்காத செயல், தவிர அதை நம்பிப் போகிறவன் ஆப்பைப் பார்த்துக் கடுப்பாகி ஒரே வாரத்தில் கணக்கை மூடிவிட்டு வருவான். ஆப் சுமார் என்று தெரிந்தே போகிறவன் இருப்பான்.

வட்டி. இதுதான் நம் ஆட்கள் முதலில் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. இணையத்தில் மட்டும் இயங்கும் பெரிய சேமிப்புக் கணக்குகள் தருகிற வட்டியைச் சாதாரண சேமிப்புக் கணக்கில் இங்கே எதிர்பார்க்காதீர்கள், கிட்டவே வராது. சிடி என்கிற நிரந்தர வைப்பில் இடைவெளி குறைகிறது. ஒரு சதவீதம் குறைவு என்றே வைத்துக்கொள்வோம், 10,000 டாலருக்கு வருடத்தில் 100 டாலர், அதிலும் வரி போனால் இன்னும் குறைவு. அந்தத் தொகைக்கு வருடம் முழுக்க 10,000 டாலர் ஓரிடத்தில் கடனாகச் சுற்றுகிறது என்று பார்த்தால் எனக்கு அது மலிவு. 100 டாலர் நன்கொடை கொடுத்தால் 100 டாலரோடு முடிந்தது. இதில் அசல் என் பெயரிலேயே இருக்கிறது. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம், பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஒவ்வொரு டாலரையும் எண்ணுகிறவர்களை நான் இதில் இழுக்கமாட்டேன்.

பணம் பத்திரமா என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில்: எஃப்டிஐசி என்கிற அரசு அமைப்பின் டெபாசிட் காப்பீடு உள்ள எந்த வங்கியிலும் போலவே இங்கேயும் ஒருவர் பெயரில் 2,50,000 டாலர் வரை காப்பீடு உண்டு, வங்கி சின்னதா பெரியதா என்ற பேதம் அதில் இல்லை. ஆனால் கறுப்பினக் குடும்பங்களில் வங்கி என்றாலே ஒரு தயக்கம் இருந்ததற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1865இல் விடுதலை பெற்ற அடிமைகளுக்கென்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு ஃப்ரீட்மன்ஸ் வங்கியைத் தொடங்கியது, அதிபர் லிங்கன் கையெழுத்திட்டார். அரசாங்கமே பின்னால் நிற்கிறது என்று நம்பிப் பணம் போட்டார்கள், சட்டப்படி அரசாங்கம் எந்த உத்தரவாதமும் கொடுத்திருக்கவில்லை. மேலே இருந்தவர்கள் தண்ணீராய்க் கடன் கொடுத்து, முதலீடுகளில் கையைச் சுட்டுக்கொண்டு, 1873 நிதி நெருக்கடியில் ஆட்டம் கண்டு, கடைசி நேரத்தில் அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய கறுப்பினத் தலைவர் ஃபிரெடெரிக் டக்ளஸைத் தலைவராக்கினார்கள். அவர் தன் சொந்தப் பணம் 10,000 டாலரைப் போட்டுத் தாங்கிப் பார்த்தார், 1874இல் வங்கி மூடப்பட்டது. 61,000க்கும் மேற்பட்டவர்களின் சேமிப்பு, ஏறக்குறைய 30 லட்சம் டாலர், மாட்டிக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாகச் சிலருக்குத் திரும்பி வந்தது, பலருக்கு வரவேயில்லை.

அதற்குப் பிறகும் அந்த மக்கள் சொந்த வங்கிகள் கட்டினார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. 1903இல் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் மேகி வாக்கர் என்ற பெண்மணி வங்கி தொடங்கினார், அமெரிக்காவில் வங்கிக்குச் சாசனம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். டர்ஹமில் மெக்கானிக்ஸ் அண்ட் ஃபார்மர்ஸ், அட்லாண்டாவில் 1921இல் சிட்டிசன்ஸ் டிரஸ்ட், நியூயார்க்கின் ஹார்லமில் 1948இல் கார்வர், நியூ ஆர்லியன்ஸில் 1972இல் லிபர்ட்டி. இவை நான்கும் அந்தந்தத் தலைமுறை மற்ற வங்கிகளின் வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கட்டியவை. 1930களில் கூட்டாட்சி அமைப்பொன்று நகர வரைபடங்களைப் போட்டு, கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைச் சிவப்பு வண்ணத்தில் குறித்து, கடனுக்கு அபாயகரமான இடம் என்று எழுதிவைத்தது. கடன் வராத தெருவில் வீட்டு விலை ஏறாது, வீட்டு விலை ஏறாவிட்டால் அதை அடமானம் வைத்துக் கடை போட முடியாது. இன்றைக்கும் அந்தச் சிவப்புப் பகுதிகள் பலவற்றில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

மார்ட்டின் லூதர் கிங் சுடப்படுவதற்கு முந்தைய இரவு, 1968 ஏப்ரல் 3, மெம்ஃபிஸில் பேசிய பேச்சில் எல்லோருக்கும் நினைவிருப்பது மலையுச்சி பற்றிய கடைசிப் பகுதி. அதே பேச்சில், நகர மையத்தில் இருக்கும் வங்கிகளிலிருந்து பணத்தை எடுத்து டிரை-ஸ்டேட் வங்கியில் போடுங்கள், கறுப்பினக் காப்பீட்டு நிறுவனங்களில் காப்பீடு எடுங்கள் என்று ஊர்க்காரரைப் போல வெகு சாதாரணமாகச் சொல்கிறார். துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வந்தவர் வங்கிக் கணக்கைப் பற்றிப் பேசியிருக்கிறார். அந்த டிரை-ஸ்டேட் வங்கி பல ஆண்டுகள் தாக்குப்பிடித்து, 2021இல் லிபர்ட்டி வங்கியோடு சேர்ந்துவிட்டது. கறுப்பின வங்கி ஒன்றை இன்னொரு கறுப்பின வங்கியே வாங்கியதால் அந்த அளவுக்குச் சந்தோஷம், ஆனால் கிங் வாயால் பெயர் சொன்ன வங்கியாலேயே தனியாக நிற்க முடியவில்லை.

ஏன் முடியவில்லை? நான் இந்த விமர்சனம் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். 2016 ஜூலையில் ராப் பாடகர் கில்லர் மைக், கறுப்பின வங்கிகளில் கணக்குத் தொடங்குங்கள் என்று அழைத்தபோது அட்லாண்டாவில் ஆயிரக்கணக்கானோர் வந்து கணக்குத் தொடங்கினார்கள். 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் கொன்றதற்குப் பின் மறுபடி ஒரு அலை. நல்ல மனசோடு வந்தவர்கள்தான். ஆனால் நூறு டாலரில் ஒரு கணக்கு, ஒரு டெபிட் கார்டு, ஒரு செல்ஃபி, அத்தோடு மறதி என்றால் வங்கிக்கு அதனால் செலவுதான். கணக்கு சின்னதோ பெரியதோ, அடையாளம் சரிபார்க்கவேண்டும், கார்டு அச்சடிக்கவேண்டும், அறிக்கை அனுப்பவேண்டும், மோசடிக் கண்காணிப்பு ஓடவேண்டும், போனை எடுக்க ஆள் வேண்டும். நூறு டாலரைக் கடன் கொடுத்து வருகிற வட்டி கார்டுச் செலவுக்குக்கூடக் காணாது. அடுத்த மாதமே எடுக்கப்படலாம் என்ற பணத்தை நம்பி ஐந்து வருடக் கடன் கொடுக்கவும் முடியாது. நிலைத்து நிற்கிற பணம்தான் கடனாக வெளியே போகும். ஆகவே நாள்தோறும் புழங்குகிற பணத்தை உங்கள் பழைய வங்கியிலேயே விட்டுவிட்டு, இரண்டு மூன்று வருடம் தொடப்போவதில்லை என்று தெரிந்த தொகையை மட்டும் இங்கே சிடியில் போடுங்கள் என்பேன். ஆப் மோசம் என்ற குறையும் அத்தோடு பாதி அடிபட்டுப்போகும், சிடியை வருடத்துக்கு எத்தனை முறை திறந்து பார்க்கப்போகிறோம்?

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. டெபாசிட் என்பது வங்கி நமக்குத் தரவேண்டிய கடன். நூறு டாலர் சொத்து வைத்திருந்தால் அதில் எட்டு, ஒன்பது டாலராவது வங்கியின் சொந்த மூலதனமாக இருந்தால்தான் கண்காணிக்கும் அதிகாரிகள் நிம்மதியாக இருப்பார்கள். டெபாசிட் மட்டும் திடீரென்று குவிந்தால் அந்த விகிதம் இறங்கிவிடும், வங்கி நிமிர்ந்து கடன் கொடுக்க முடியாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். 2020இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் ரொக்கத்தில் 2 சதவீதத்தை, ஆரம்பத்தில் 10 கோடி டாலர் வரை, கறுப்பினச் சமூகங்களுக்குச் சேவை செய்யும் நிதி நிறுவனங்களுக்கு நகர்த்துவதாக அறிவித்தது. அது பெரிய தொகைதான், நல்ல முன்மாதிரியும்கூட. ஆனால் அடிப்படையில் அதிக மாற்றம் தரக்கூடியது அதே ஆண்டு டிசம்பரில் காங்கிரஸ் நிறைவேற்றிய திட்டம் என்று நினைக்கிறேன், சிறுபான்மையினர் நடத்தும் வங்கிகளுக்கும் சமூக வளர்ச்சி நிதி நிறுவனங்களுக்கும் 900 கோடி டாலர் வரை நேரடியாக மூலதனமாகவே போட அதில் வழி செய்தார்கள். நம்மால் மூலதனம் போட முடியாது, டெபாசிட் போடத்தான் முடியும், சரி, நம்மால் ஆனதை ஒழுங்காகச் செய்வோம் என்கிறேன்.

வங்கி உறவு எதற்கு உதவும் என்று சந்தேகம் இருப்பவர்கள் 2020 ஏப்ரலை நினைத்துப் பார்க்கலாம். கொரோனாவில் கடைகள் மூடியபோது சிறுதொழில்களுக்கு அரசாங்கம் தந்த பிபிபி கடனின் முதல் தவணை 34,900 கோடி டாலர், இரண்டே வாரத்துக்குள் தீர்ந்துவிட்டது. விண்ணப்பம் வங்கி வழியாகத்தான் போகவேண்டும். பல பெரிய வங்கிகள் ஏற்கெனவே தங்களிடம் தொழில் கணக்கோ கடனோ வைத்திருந்தவர்களை முன்னால் விட்டன. பெயர் சொல்லி அழைக்க ஒரு வங்கி அதிகாரி இல்லாத சலூன்காரரும் சாப்பாட்டுக் கடைக்காரரும் வரிசையின் கடைசியில் நின்றார்கள். இதில் கறுப்பினத்தவரின் தொழில்கள்தான் அதிகம் அடிபட்டன. நானும் மனைவியும் வழக்கமாகப் போகும் ஒரு உணவகம் அந்த வாரங்களில் கதவைச் சாத்தியது, பிறகு திறக்கவேயில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, இந்த வங்கி இனப் பொருளாதார இடைவெளியை மூடிவிடும் என்று நான் சொன்னால் அது பொய். நூறு வருடமாகச் சம்பளமும் வீட்டு விலையும் அடக்கிவைக்கப்பட்ட இடத்தில், அந்தச் சம்பளத்திலிருந்தும் அந்த வீட்டிலிருந்தும் பணம் திரட்டி ஒரு வங்கி எவ்வளவு தூரம் போய்விடும்? என் கிளை இருக்கும் தெருவிலேயே மூடிக்கிடக்கும் கடைகள் பல. வங்கியைக் காட்டி அரசாங்கமும் பெரிய நிறுவனங்களும் தப்பித்துக்கொள்ளக்கூடாது. ஆனாலும் சலூன் கணக்கைப் புரட்டிப் பார்க்கும் ஒரு மேசை அந்தத் தெருவில் இருப்பதும் இல்லாததும் ஒன்றாகிவிடாது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கறுப்பினத்தவர் நடத்துவது என்று ஒரு வங்கி விளம்பரம் செய்தால் அதை நம்பவேண்டியதில்லை, எஃப்டிஐசி இணையதளத்தில் சிறுபான்மையினர் வைப்பு நிறுவனங்கள் என்று பட்டியல் இருக்கிறது, வாக்குரிமைப் பங்குகளில் குறைந்தது 51 சதவீதம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்து வகை பிரித்திருப்பார்கள். அதே பட்டியலில் ஆசியர்கள் நடத்தும் வங்கிகளும் வரும், இந்திய வம்சாவளியினர் நடத்துபவையும் உண்டு, ஆகவே வகையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பேங்க்ஃபைண்ட் என்ற பகுதியில் வங்கியின் பெயரைப் போட்டால் மொத்த டெபாசிட் எவ்வளவு, அதில் எவ்வளவு கடனாகப் போயிருக்கிறது என்று தெரியும். டெபாசிட்டை வாங்கி அரசாங்கப் பத்திரத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் வங்கிக்கு உரிமையாளர் யாராயிருந்தால் என்ன? இதை நான் கணக்குத் தொடங்கும் முன்பே பார்த்தேன், என் வங்கி ஒழுங்காகக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தது. சிடியை முதிர்வுக்கு முன் உடைத்தால் அபராதம் எவ்வளவு, முதிர்ந்ததும் தானாகப் புதுப்பித்துவிடுவார்களா, எந்த ஏடிஎம் வலையமைப்பில் கட்டணமில்லை என்று வாய்விட்டுக் கேளுங்கள், எல்லாவற்றுக்கும் தாள் கொடுக்கிறார்கள்.

சொந்தத் தொழில் வைத்திருப்பவர்கள் ஒருபடி மேலே போய் இங்கே ஒரு தொழில் கணக்கே தொடங்கலாம், அவர்களுக்கு என் மூன்றரை நட்சத்திரம் நாலரையாகக்கூட மாறலாம், ஏனென்றால் இவர்களுடைய பலமே கடன் மேசையில் இருக்கிறது. வெளியூர் அடிக்கடி போகிறவர்கள், போனிலேயே எல்லாம் நடக்கவேண்டும் என்பவர்கள் முதன்மைக் கணக்காக வைத்துக்கொள்ளவேண்டாம். அப்புறம், வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் போகாதீர்கள், சம்பளச் செக் மாற்ற வருகிறவர்களின் வரிசை வாசல்வரை நிற்கும். செவ்வாய் காலை போனால் மேலாளரே எழுந்து வந்து உட்காரவைத்துப் பேசுவார்.